ஜெயிக்கலைன்னா இவன் என்ன ஆவான்? – கார்ட்டிங்ல இருந்து 24 மணி நேர ரேஸ் வரைக்கும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த எபிசோட விருத்தாசலத்துல, எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ட்ரெயின் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, ஜங்ஷன் பக்கத்துலதான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், லீவு போட்டு இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்.

வழக்கமா நம்ம ஷோல டெக் பத்தி, வேலை பத்திப் பேசுவோம். இன்னைக்கு கார் ரேஸ். ஆனா கடைசில இதுவும் வேலை பத்தின பேச்சாத்தான் முடியப்போகுது. கேட்டுட்டுச் சொல்லுங்க.

பொங்கலன்னைக்கு வந்த கேள்வி

2025 ஜனவரி, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, துபாய்ல 24 மணி நேர ரேஸ் முடிஞ்சுது. அஜித் குமார் அணி 992 பிரிவுல மூணாவது இடம். அவர் தேசியக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்த வீடியோவ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் ஒரு இருபது தடவையாவது பாத்திருப்பீங்க. எங்க வீட்லயும் அதே கதைதான்.

எங்க சித்தப்பா பையன் ஒன்பதாவது படிக்கிறான். பொங்கலன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "நான் ரேஸ் டிரைவர் ஆகப்போறேன்"னு சொல்லிட்டான். விளையாட்டா சொல்லல. யூடியூப்ல எல்லாம் பாத்து, நோட்ல எழுதி வெச்சிருக்கான். முதல்ல கார்ட்டிங், அப்புறம் எஃப்4, எஃப்3, எஃப்2, எஃப்1. அம்புக்குறி போட்டு.

சித்தப்பா இங்க செராமிக் எஸ்டேட்ல ஒரு யூனிட்ல சூளை பாக்குறவரு. எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: விருத்தாசலம்னா ஒரு பக்கம் பழமலைநாதர் கோயில், இன்னொரு பக்கம் பீங்கான். பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், எல்லாம் சின்னச் சின்ன யூனிட்ல செய்வாங்க. செராமிக்குனே தனியா டிப்ளமோ சொல்லிக் குடுக்குற அரசு இன்ஸ்டிடியூட்டும் இருக்கு.

சித்தப்பா திட்டல. என்னைப் பாத்து ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டாரு. "ஏம்பா, நீ இன்ஜினியரிங் படிச்சவன். இதுக்கு எவ்ளோ ஆகும்?" அது முதல் கேள்வி. ரெண்டாவது, "சரி, போறான்னே வெச்சுக்குவோம். ஜெயிக்கலைன்னா இவன் என்ன ஆவான்?"

முதல் கேள்விக்கு கூகுள் பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒரு வாரம் உக்காந்து படிச்சேன். படிச்சதத்தான் இப்போ உங்ககிட்ட சொல்றேன்.

கார்ட்டிங்: சின்ன வண்டி, பெரிய பள்ளிக்கூடம்

மால்ல, ஈசிஆர்ல நாம ஓட்டுற வாடகை கார்ட்ட மறந்துருங்க. போட்டி கார்ட் வேற ஜாதி. அதுல சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரன்ஷியலும் கிடையாது. அதாவது பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸில்ல இறுக்கிக் கட்டியிருக்கும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும், உள்பக்கச் சக்கரம் கம்மியான தூரம். ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தினா வண்டி திரும்பாது, நேராப் போகத்தான் பாக்கும். அப்போ எப்படித் திரும்புது? ஸ்டீயரிங்க ஒடிக்கும்போது உள்பக்கப் பின் சக்கரம் தரையில இருந்து லேசா தூக்கணும். ஓட்டுறவன் சரியான இடத்துல பிரேக் விட்டு, சரியான அளவுக்கு ஸ்டீயரிங் குடுத்தாதான் அது தூக்கும். மூணு சக்கரத்துல வளைவைக் கடந்து, வெளிய வரும்போது மறுபடி நாலு.

இதை எட்டு, ஒன்பது வயசுலயே ஒரு குழந்தை உடம்பால கத்துக்குது. அதனாலதான் இன்னைக்கு எஃப்1-ல இருக்குற கிட்டத்தட்ட எல்லாருமே கார்ட்டிங்ல இருந்து வந்தவங்க. பதினாலு வயசுல ஆரம்பிக்கிறது லேட்டுதான். இதை நான் தம்பிகிட்ட மறைக்கல.

ஆனா நம்மூர் கதை கொஞ்சம் வேற. இதுவரைக்கும் எஃப்1 ரேஸ் ஓட்டின இந்தியர் ரெண்டே பேர். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். ரெண்டு பேரும் தமிழ்நாடு. அவங்க காலத்துல ஐரோப்பாவுல இருந்த மாதிரி கார்ட்டிங் ஏணி இங்க இல்ல. நாராயண் ஆரம்பிச்சது ஃபார்முலா மாருதில, நம்ம மாருதி 800 இன்ஜினைப் போட்டு செஞ்ச சின்ன ரேஸ் கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். இன்னைக்கு அதே இருங்காட்டுக்கோட்டைல கார்ட்டிங் டிராக்கும் இருக்கு, கோயம்புத்தூர்ல செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அடுத்த தலைமுறைக்குத்தான் முதல் படி கிடைச்சுது.

அர்ஜுன் மைனி ஏறின படிகள்

அந்த அடுத்த தலைமுறைல, கார்ட்டிங்ல ஆரம்பிச்சு எண்டூரன்ஸ் வரைக்கும் போன ஒருத்தரை எடுத்துக்குவோம். பெங்களூரு அர்ஜுன் மைனி. 1997 டிசம்பர்ல பொறந்தவரு.

சின்ன வயசுல கார்ட்டிங். 2011-ல ஃபோர்ஸ் இந்தியா எஃப்1 அணி, நூறு கோடில ஒருத்தரைத் தேடுறோம்னு நாடு முழுக்க ஒரு தேர்வு நடத்துச்சு. கடைசில மூணு பேரை எடுத்தாங்க. அதுல அர்ஜுன் ஒருத்தரு. அப்போ அவருக்கு 13 வயசு. ஜெஹான் தாருவாலாவும் அந்த மூணுல ஒருத்தரு.

2014-ல இங்கிலாந்துல எஃப்4. அந்த சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சவர் ஜார்ஜ் ரஸ்ஸல். ஆமா, இன்னைக்கு மெர்சிடிஸ்ல எஃப்1 ஓட்டுற அதே ரஸ்ஸல். ரெண்டாவது இடம் அர்ஜுன். கடைசி ரவுண்டு வரைக்கும் போன சண்டை, ரொம்பக் கொஞ்சப் புள்ளி வித்தியாசம். பதினாறு வயசுல ரெண்டு பேரும் ஒரே உயரத்துல நின்னாங்க. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

2016-ல ஜிபி3. 2017 மே மாசம் பார்சிலோனால ஒரு ஜிபி3 ரேஸ் ஜெயிச்சாரு, அந்தத் தொடர்ல ஜெயிச்ச முதல் இந்தியர். ஹாஸ் எஃப்1 அணில டெவலப்மென்ட் டிரைவர். 2018-ல எஃப்2, டிரைடென்ட் அணி. எஃப்1-க்கு ஒரே ஒரு படி கீழ.

தம்பியோட நோட்ல இருந்த அம்புக்குறி எல்லாம் சரியாத்தான் போச்சு. கடைசி அம்புக்குறி மட்டும் போகல.

ஏன்? திறமை இல்லையான்னா, மேல சொன்ன ரிசல்ட்ட பாருங்க. 2025 வரைக்கும் எஃப்1-ல மொத்தம் 20 சீட்தான். வருஷத்துக்கு ஒரு சிலதுதான் காலியாகும். அந்த ஒரு சிலதுக்கு உலகம் முழுக்க இருந்து வரிசை. அதுக்குக் கீழ எஃப்2-ல ஒரு சீசன் ஓட்ட பத்து கோடி ரூபாய்க்கு மேல ஆகும், அதைப் பெரும்பாலும் ஓட்டுறவன்தான் ஸ்பான்சர் புடிச்சுக் கொண்டு வரணும். ஒரு சுமாரான சீசன் வந்தா, அடுத்த சீசனுக்கு யார் காசு போடுவாங்க?

எஃப்1-க்குள்ள போனாலும் நிலைமை உறுதி கிடையாது. 2010-ல கருண் சந்தோக் எச்ஆர்டி அணில சேந்தாரு. பஹ்ரைன்ல முதல் ரேஸ். அந்தக் கார்ல அவர் ஓட்டின முதல் சுத்தே தகுதிச் சுற்றுலதான். அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் கூட ஓட்டல, கார் அப்போதான் பூட்டி முடிச்சிருந்தாங்க. அந்த வருஷம் பத்து ரேஸ் ஓட்டினாரு, அப்புறம் சீட் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு.

ஒரே அணி, ரெண்டு கார்

இப்போ ஒரு சம்பவம் சொல்றேன். 2018 சில்வர்ஸ்டோன், எஃப்2. ரேஸ் முடிஞ்சு கொடி காட்டியாச்சு. எல்லாரும் மெதுவா ஒரு சுத்து வந்து உள்ள போவாங்க இல்லையா, அப்போ அர்ஜுனோட கார்ல ஒருத்தர் வேணும்னே மோதினாரு. யாருன்னா, அவரோட சொந்த அணி டீம்மேட் சான்டினோ ஃபெருச்சி. ஸ்டீவர்டுங்க விசாரிச்சு அவருக்கு ரெண்டு ரவுண்டு, அதாவது நாலு ரேஸ் தடை போட்டாங்க. அணியும் அவரைக் கழட்டி விட்டுருச்சு.

இது உச்சக்கட்டம்தான், எல்லா இடத்துலயும் இப்படி நடக்காது. ஆனா இந்த ஏணியோட குணம் இதுலதான் தெரியுது. ஒரே அணின்னு பேரு, கார் ரெண்டு. ஒரே மாதிரி காரை ஓட்டுறது அவன் ஒருத்தன்தான், அதனால உன்னை முதல்ல ஒப்பிட்டுப் பாக்குறது அவனோடதான். அவன் நல்லா ஓட்டினா உனக்கு நஷ்டம்.

அடுத்த வருஷம், 2019-ல, அர்ஜுன் எல்எம்பி2 கார்ல ஏறினாரு. ஐரோப்பிய லெ மான் தொடர். ஜூன் மாசம் லெ மான் 24 மணி நேர ரேஸ். இங்க அணிக்கு டீம்மேட் ரெண்டு பேர், நார்மன் நாட்டோ, ஜான் ஃபரானோ. ஆனா கார் ஒண்ணுதான்.

ஒரு கார், மூணு பேர்

லெ மான் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். பிரான்ஸ்ல 1923-ல இருந்து நடக்குற ரேஸ். ஒரு சுத்து 13.626 கிலோமீட்டர், பாதி டிராக்கு, பாதி சாதாரண ரோடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடியும். 2024-ல நடந்தப்போ 62 கார். ஒரு காருக்கு மூணு பேர்னா 186 சீட். எஃப்1-ல அப்போ 20, இங்க ஒரே ரேஸ்ல 186. இந்தக் கணக்கைத்தான் நான் சித்தப்பாவுக்கு முதல்ல போட்டுக் காட்டினேன்.

ஒருத்தரே ஓட்டிக்கிட்டு இருக்க முடியாது. எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருத்தர் நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது. மொத்தத்துல 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. விதியே உன்னை எறங்கச் சொல்லுது.

அதனால என்னென்ன மாறுதுன்னு பாருங்க. சீட் உனக்கு மட்டும் அளவெடுத்தது இல்ல. ஒருத்தன் ஆறடி, ஒருத்தன் அஞ்சரை அடின்னா, குட்டையா இருக்குறவன் தனக்குன்னு ஒரு குஷன் மாதிரி சீட் செருகல் எடுத்துட்டு வருவான். காரோட செட்டப்பும் உனக்குப் புடிச்ச மாதிரி இருக்காது, மூணு பேரும் பயப்படாம ஓட்டுற மாதிரி இருக்கும். நீ ஒரு சுத்துல அரை செகண்ட் மிச்சம் பண்ணணும்னு கர்ப் மேல ஏறி டயரைத் தேச்சுட்டா, அந்தத் தேஞ்ச டயரோட ராத்திரி மூணு மணிக்கு மல்லுக்கட்டப்போறது வேற ஒருத்தன்.

எஃப்2-ல டீம்மேட் மெதுவா ஓட்டினா உனக்கு நல்லது. இங்க அவன் மெதுவா ஓட்டினா நீயும் தோத்துட்ட. அதனால உனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் அவனுக்குச் சொல்லிக்குடுத்தே ஆகணும். எந்த வளைவுல எண்ணெய் இருக்கு, பிரேக் எங்க லேசா இழுக்குது, எல்லாம்.

அஜித் விஷயத்தையே எடுத்துக்கோங்க. துபாய்ல பயிற்சியில அவர் கார் பெருசா மோதுச்சு. அதுக்கப்புறம், அணியோட நல்லதுக்காக அந்த 992 கார்ல நான் ஓட்டலன்னு எறங்கிட்டாரு. வேற அணியோட ஜிடி4 கார்ல ஓட்டினாரு. அவர் பேர் போட்ட காரை மத்தவங்க ஓட்டி மூணாவது இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. வீடியோவுல நாம பாத்த சந்தோஷம், அவர் ஓட்டாம விட்ட காருக்கும் சேத்துத்தான்.

நாராயண் தாண்டின சுவர்

இதே எண்டூரன்ஸ்ல மனசு ஒடையுற கதையும் இருக்கு.

2009 லெ மான். நாராயண் கார்த்திகேயன் கொலஸ் அணியோட ஆடி ஆர்10 கார்ல. கூட சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், ஆண்ட்ரே லாட்டரர். நாராயண் அதுக்கு முன்னாடியே எஃப்1 பாத்தவரு, 2005-ல ஜோர்டன் அணி, அமெரிக்க கிராண்ட் பிரீல நாலாவது இடம், எஃப்1-ல புள்ளி எடுத்த முதல் இந்தியர். அந்த ரேஸ்ல ஆறே கார்தான் ஓடுச்சுங்கிறதையும் சொல்லிடணும், இல்லைன்னா கமென்ட்ல நீங்க சொல்லுவீங்க. (சிரிப்பு)

லெ மான்ல பயிற்சி எல்லாம் முடிஞ்சுது. ரேஸ் ஆரம்பிக்கப் போற நேரம். கார் இருக்குற பக்கம் போறதுக்கு பிட் சுவரைத் தாண்டிக் குதிச்சாரு. விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு. ஓட்ட அனுமதி கிடைக்கல. கார்ல இல்ல, டிராக்ல இல்ல, ஒரு சுவர்ல.

மீதி ரெண்டு பேரும் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு ஓட்டி, காரை ஏழாவது இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. லாட்டரருக்கு அதுதான் முதல் லெ மான். அடுத்த வருஷமே ஆடி அவரைத் தன்னோட சொந்த அணிக்கு எடுத்துக்கிச்சு. 2011, 2012, 2014, மூணு தடவை லெ மான் ஜெயிச்சாரு.

இதை "விதி"ன்னு சொல்லிட்டுப் போயிரலாம். நான் வேற மாதிரி பாக்குறேன். அந்த ரெண்டு பேரும் காரை நிறுத்திட்டுப் போகல. மூணு பேர் வேலையை ரெண்டு பேர் செஞ்சாங்க, அதை யாரோ பாத்துக்கிட்டு இருந்தாங்க. எண்டூரன்ஸ்ல வேலை கிடைக்கிறது இப்படித்தான்.

மூணு வருஷம் கழிச்சு, 2012-ல, கருண் சந்தோக் ஜேஆர்எம் அணில, டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் கூட லெ மான் ஓட்டி, மொத்தத்துல ஆறாவதா முடிச்சாரு. லெ மான் 24 மணி நேரத்தை ஓட்டி முடிச்ச முதல் இந்தியர். எஃப்1-ல பத்து ரேஸ்ல சீட் போனவரு, இங்க ஒரு நாள் முழுக்க ஓடின கார்ல ஆறாவது.

நாராயண் கதையும் சுவரோட முடியல. 2021 பிப்ரவரில ஆசிய லெ மான் தொடர், துபாய்லயும் அபுதாபிலயும் நாலு ரேஸ், ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம். அதுல ரேசிங் டீம் இந்தியான்னு ஒரு எல்எம்பி2 கார். ஓட்டினது மூணு பேரும் இந்தியப் பேரு. 44 வயசு நாராயண், 23 வயசு அர்ஜுன் மைனி, அமெச்சூர் ஓட்டுநர் நவீன் ராவ். ஃபார்முலா மாருதில ஆரம்பிச்சவரும் கார்ட்டிங்ல ஆரம்பிச்சவரும் ஒரே சீட்டை மாத்தி மாத்தி உக்காந்து ஓட்டினாங்க. சிங்கிள் சீட்டர்ல இது நடக்கவே நடக்காது.

அதே வருஷம் அர்ஜுன் ஜெர்மனியோட டிடிஎம் தொடருக்குப் போனாரு, அங்க ஓட்டின முதல் இந்தியர். மெர்சிடிஸ் ஜிடி3 கார். இன்னும் ஓட்டிக்கிட்டுதான் இருக்காரு. 2014-ல ரஸ்ஸலோட சண்டை போட்ட பையன் எஃப்1 போகல. ஆனா வீட்டுக்கும் போகல.

யார் காசு, யார் சம்பளம்

இங்கதான் சித்தப்பாவோட ரெண்டாவது கேள்விக்கு வரோம்.

எண்டூரன்ஸ்ல ஓட்டுநர்களுக்கு கிரேடு இருக்கு. பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ். எல்எம்பி2 மாதிரி பிரிவுகள்ல மூணு பேருமே கோல்டா இருக்க முடியாது, ஒருத்தராவது சில்வரோ பிரான்ஸோ இருக்கணும். பிரான்ஸ்னா பெரும்பாலும் வேற தொழில்ல சம்பாதிச்சு, ஆசைக்கு ஓட்ட வர்றவங்க. பல அணிகள்ல காசு அவங்கதான் கொண்டு வர்றாங்க. அந்தக் காசுல ஒரு கோல்டு ஓட்டுநருக்குச் சம்பளம்.

அப்போ அந்த கோல்டோட வேலை என்ன? வேகமா ஓட்டுறது பாதி. அந்த அமெச்சூரை இன்னும் ரெண்டு செகண்ட் வேகமா ஓட்ட வைக்கிறது மீதிப் பாதி. தன்னைவிட மெதுவானவனோட பொறுமையா உக்காந்து, டேட்டாவைக் காட்டி, கோவப்படாம சொல்லிக்குடுக்கத் தெரியணும். நம்ம ஆபீஸ்ல சீனியர் டெவலப்பர் பண்ற வேலைதான். நல்ல கோடு எழுதினா மட்டும் பத்தாது, ஜூனியரோட கோடை ரிவ்யூ பண்ணத் தெரியணும்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். நாராயணோட அப்பா ரேலி ஓட்டினவரு. கருணோட தாத்தா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரு, அப்பாவும் ரேஸ் ஓட்டினவரு. அர்ஜுனோட அப்பாவும் அப்படித்தான். மூணு பேர் வீட்லயும் பெட்ரோல் வாசனை முன்னாடியே இருந்துச்சு, ஓரளவு பணமும் இருந்துச்சு. எஸ்டேட்ல சூளை பாக்குறவரோட பையனுக்கு அந்த ஆரம்பம் இல்ல. எண்டூரன்ஸ் இதைச் சரி பண்ணிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கார்ட்டிங்லயே லட்சக்கணக்குல செலவாகும்.

ஆனா ஒரு எண்டூரன்ஸ் காரைச் சுத்தி எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பாருங்க. டயர் மாத்துறவங்க, எரிபொருள் கணக்கு போடுறவங்க, டேட்டா பாக்குறவங்க, எப்போ யாரை எறக்கணும்னு முடிவு பண்ற ஸ்ட்ராட்டஜி ஆளுங்க. 24 மணி நேரம் அவங்களும் தூங்கல.

நான் காலேஜ் படிக்கும்போது எங்க பசங்களோட சேந்து ஃபார்முலா பாரத்துக்குக் கார் செஞ்சோம். மாணவர்களே ஒரு சின்ன ரேஸ் காரை டிசைன் பண்ணி, கோயம்புத்தூர் காரி டிராக்குக்குக் கொண்டு போய் போட்டி போடணும். அதுல அதிகப் புள்ளி எதுக்குத் தெரியுமா? வேகத்துக்கு இல்ல. எண்டூரன்ஸுக்கு. கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், நடுவுல ஓட்டுநர் மாறணும். எங்க கார் அது வரைக்கும் போகவே இல்ல. பிரேக் லைட் எரியலன்னு இன்ஸ்பெக்‌ஷன்லயே நின்னுட்டோம். அந்த வயரிங் பண்ணது நான். நாலு மாசம் தூங்காம வேலை செஞ்ச பசங்க முகத்தை அன்னைக்குப் பாத்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ஓட்டுறவன் மட்டும் ரேஸ் ஓட்டல.

ராத்திரி ஷிஃப்ட்

இவ்ளோத்தையும் சித்தப்பாகிட்ட சொன்னேன். லெ மான், மூணு பேரு, ராத்திரி, டயர். விளக்கிக்கிட்டே இருந்தேன். அவர் பாதிலயே நிறுத்திட்டாரு.

"இது சூளைதானேப்பா?"

எனக்குப் புரியல. அவரே சொன்னாரு. "சூளையைப் பத்த வெச்சுட்டா நடுவுல நிறுத்த முடியாது. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல போகணும், போயி அங்கயே கொஞ்ச நேரம் நிக்கணும், அப்புறம் மெதுவா எறங்கணும். ஒரே ஆள் முழிச்சிருக்க முடியுமா? ஷிஃப்ட் மாத்துவோம். முதல் ஷிஃப்ட்காரன் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு சூட்டை விறுவிறுன்னு ஏத்திட்டுப் போயிட்டான்னு வை. அப்போ ஒண்ணும் தெரியாது. காலைல கதவைத் தொறக்கிறவன் கையிலதான் விரிசல் விட்ட பொம்மை வரும். திட்டு அவனுக்குத்தான் விழும்."

நான் ஒரு வாரம் படிச்சதை அவர் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாரு. முப்பது வருஷமா ராத்திரி ஷிஃப்ட் மாத்திக்கிட்டு இருக்குறவருக்கு எண்டூரன்ஸ் ரேஸை நான் விளக்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-கால்ல எழுந்து, "பாத்துக்கிட்டு இருக்கேன்"னு ஒரே வரி எழுதிட்டு ஷிஃப்ட்டை அடுத்தவன் தலைல கட்டிட்டுப் போன நாட்கள் எனக்கும் உண்டு. அன்னைக்கு அதெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் அவர் இன்னொண்ணு கேட்டாரு. "வண்டியில ஸ்பார்க் பிளக்கு இருக்குதே, நடுவுல வெள்ளையா, அது நம்ம சரக்குதானே?" ஆமா. அது அலுமினா, பீங்கான் குடும்பம்தான். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் வெளிய கசியாம, இன்ஜினுக்குள்ள வெடிக்கிற சூட்டையும் தாங்கிக்கிட்டு நிக்கும். "அப்போ ஓட்டலைன்னா பிளக்கு செய்யட்டும்"னு சிரிச்சாரு. தம்பி சிரிக்கல. (சிரிப்பு)

பத்து நிமிஷம்

போன சனிக்கிழமை தம்பியை சென்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். வாடகை கார்ட்தான். ரெண்டு தடவை, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம். எறங்கி வந்தப்போ கை ரெண்டும் நடுங்குது. தண்ணி பாட்டிலைப் புடிக்க முடியல.

முதல் தடவை செம வேகமா ஓட்டினதா அவனுக்கு நெனப்பு. எல்லா வளைவுலயும் டயர் கத்துச்சு, வண்டி சறுக்குச்சு, ரெண்டு தடவை சுத்திக்கிட்டான். ரெண்டாவது தடவை கை வலி, அதனால அடங்கி ஓட்டினான். சீக்கிரமே பிரேக் போட்டு, நேராக்கிட்டு, அப்புறம் ஆக்ஸிலேட்டர்.

டைம் ஷீட் பிரின்ட் எடுத்துக் குடுத்தாங்க. பஸ்ல வரும்போது அதையே பாத்துக்கிட்டு வந்தான். திண்டிவனம் தாண்டினப்போ கேட்டான்: "அண்ணா, ரெண்டாவது தடவை நான் மெதுவாத்தான் போனேன். ஆனா டைம் கம்மியா வந்திருக்கு. எப்படிண்ணா?"

எனக்குப் பதில் தெரியும். சறுக்குற டயர் வேகத்தைத் தின்னுரும், அதான். ஆனா உடனே சொல்லல. "நீயே யோசி, வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லு"ன்னேன். விருத்தாசலம் வர்ற வரைக்கும் அந்த பேப்பர்ல ஏதோ கிறுக்கிக்கிட்டே வந்தான். பழைய நோட்ல இருந்த அம்புக்குறி இல்ல. வளைவு படம் போட்டு, எங்க பிரேக், எங்க ஆக்ஸிலேட்டர்னு.

சித்தப்பா இன்னும் சரின்னு சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. கோடை லீவுல ஒரு வாரம் கார்ட்டிங் பயிற்சிக்கு அனுப்பலாமான்னு கணக்கு போட்டுக்கிட்டு இருக்காரு. பாதி நான் தரேன்னு சொல்லியிருக்கேன். இவன் எஃப்1 ஓட்டுவானான்னா, ஓட்டமாட்டான்னுதான் நான் நெனைக்கிறேன். அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா ஜெயிக்கலைன்னா என்ன ஆவான்ங்கிற கேள்விக்கு, ஒண்ணும் ஆகமாட்டான்ங்கிறது மட்டும் பதில் இல்லைன்னு இப்போ எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

அவ்ளோதான் மக்களே. உங்க வீட்லயும் இப்படி ஒரு அம்புக்குறி நோட் இருந்தா, அந்தப் பையனையோ பொண்ணையோ ஒரு தடவை டிராக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. ஷீட்டை மட்டும் மறக்காம வாங்கிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.